கூற்றும் கேட்போரும்: ‘டபுள் இன்டெம்னிட்டி’ திரைப்படம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கொலை செய்தவன் யார் என்பதை முதற்காட்சியிலேயே அறிவித்துவிடும் ஒரு கதை, காண்போரை இறுதிவரை பிணித்து வைத்தல் எங்ஙனம் இயலும்? இவ்வினா திரைக்கலைக்கு மட்டும் உரியதன்று; கதை கூறும் கலை அனைத்திற்கும் பொதுவானது. சிலப்பதிகாரம் தன் மூன்று உண்மைகளையும் பதிகத்திலேயே உரைத்துவிட்டுப் பின்னரே கதையைத் தொடங்குகின்றது. எனினும் மதுரைக் காண்டத்தைப் பதற்றமின்றிப் படிப்பவர் இலர். முடிவு தெரிந்தபின் ‘யாது நிகழும்’ என்னும் வினா அகன்று, ‘ஏன் நிகழ்ந்தது, யார் அதனைச் சொல்கின்றார், யாரிடம் சொல்கின்றார்’ என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களைக் கொண்டு, 1944ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை ஈண்டு ஆராய்வோம்.

1. படத்தின் தோற்றம்

நியூயார்க்கு நகரில் 1927இல் ரூத் சுனைடர் என்பாள் தன் காதலனோடு கூடிக் கணவனைக் கொன்றாள். கணவன் பெயரில் அவன் அறியாமலே எடுக்கப்பட்ட இன்சூரன்சுப் பத்திரம் அவ்வழக்கில் வெளிப்பட்டது. இருவரும் 1928இல் மரண தண்டனை பெற்றனர். இச்செய்தியின் சாயலில் ஜேம்சு எம். கேயின் எழுதிய நாவல் 1936இல் வார இதழொன்றில் தொடராக வந்தது. அன்றைய ஹாலிவுட்டின் தணிக்கை நெறி இக்கதையைப் பல ஆண்டுகள் படமாகவிடாது தடுத்தது. பின்னர் இயக்குநர் பில்லி வைல்டரும் நாவலாசிரியர் ரேமண்டு சாண்டிலரும் சேர்ந்து திரைக்கதை இயற்றினர். ஏழு பிரிவுகளில் ஆஸ்கார்ப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் படம் ஒன்றேனும் பெற்றிலது. ஆயினும் 1946இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் நீனோ பிராங்கு ‘கரும்படம்’ என்னும் பொருள்பட ஒருவகைப் படங்களுக்குப் பெயரிட்டபொழுது, இதனையும் அவ்வகைக்குச் சான்றாகக் காட்டினார்.

கதை சுருக்கமானது. லாசு ஏஞ்சல்சு நகரில் இன்சூரன்சுப் பத்திரம் விற்கும் வால்டர் நெஃப், பிலிசு என்னும் மணமான பெண்ணைக் கண்டு மயங்குகின்றான். மோட்டார் வண்டிக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் தாள் என்று நம்பி அவள் கணவன் இடும் கையொப்பம், ஐம்பதாயிரம் டாலர் விபத்துக் காப்பீட்டிற்கு உரியதாகின்றது. இரயில் வண்டியில் விபத்து நேரின் தொகை இரட்டிக்கும். படத்தின் பெயர் இவ்விதியைக் குறிப்பதே. இருவரும் அவனைக் கொன்று இருப்புப்பாதையில் கிடத்துகின்றனர். நெஃபின் நண்பனும் அக்கம்பெனியின் கோரிக்கைகளை ஆராய்பவனுமாகிய கீசு, இஃது விபத்தும் அன்று, தற்கொலையும் அன்று எனப் படிப்படியாக உணர்கின்றான்.

2. கூற்று

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், எச்சம், முன்னம் என்பன இடம்பெறும். சொல்லினின்று சொன்னவரையும் கேட்டவரையும் இடத்தையும் காலத்தையும் உய்த்துணர வைப்பது முன்னம். இவை செய்யுட்கு வகுக்கப்பெற்றவை. எனினும் ‘யாருடைய சொல்’ என்று முதலிற் கேட்கும் அப்பயிற்சி இப்படத்திற்குப் பெரிதும் துணைசெய்கின்றது.

படம் முழுவதும் நெஃபின் கூற்று. நள்ளிரவில், தோளில் குண்டு பாய்ந்த நிலையில் அலுவலகம் புகும் அவன், குரலைப் பதியும் டிக்டபோன் கருவியின்முன் அமர்ந்து பேசத் தொடங்குகின்றான். நாம் காணும் காட்சிகள் அப்பேச்சினின்று விரிபவை.

நல்லவன் ஒருவனைத் தீயவள் ஒருத்தி கெடுத்த கதை என்றே இப்படத்தைப் பலர் கூறுவர். பிலிசின் கொடுமையை யாம் மறுக்கவில்லை. ஆனால் அவளைப் பற்றி நாம் அறிவனவெல்லாம் குற்றத்திற் பங்குகொண்ட மற்றொருவன் வாய்மொழியாகவே வருகின்றன என்பதை அவர் மறந்தனர். மேலும் அவ்வாய்மொழியே அவர் முடிபிற்கு மாறாகச் சான்று பகர்கின்றது. கம்பெனியை ஏமாற்றும் வழியைப் பிலிசைச் சந்திப்பதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே எண்ணிவந்ததாக நெஃப் ஒப்புக்கொள்கின்றான். சூதாட்டச் சுழல்வட்டத்தின் பின் நின்று பிறர் ஏமாற்றாது காப்பவன், தானே ஏமாற்றினால் என்ன என்று ஓரிரவு நினைப்பது போன்றது அது என்கின்றான். எனவே விதை அவனிடம் இருந்தது. அவள் வாய்ப்பாக வந்தாள்.

கொலைக் காட்சி இதனை மேலும் தெளிவாக்கும். வண்டியின் பின்புறம் ஒளிந்திருந்த நெஃப் கணவனின் கழுத்தை நெரிக்கின்றான். படக்கருவியோ வண்டி ஓட்டும் பிலிசின் முகத்தைவிட்டு அகல்வதில்லை. நெரிக்கும் கை எச்சமாக நிற்க, அசையாத முகம் நம் நினைவில் பதிகின்றது. செய்தவன் மறைய, உடனிருந்தவள் கொலையின் வடிவாகிவிடுகின்றாள். ஒளிப்பதிவாளர் ஜான் சைட்சின் ஒளியமைப்போ இவ்வேறுபாட்டை ஏற்பதில்லை. சாளரத் தட்டிகளின் நிழற்கோடுகள் சிறைக்கம்பிகளைப்போல் நெஃபின்மீதும் விழுகின்றன.

3. கேட்போர்

இனி, இக்கூற்று யாரை நோக்கியது? நெஃப் காவலரிடமோ நீதிபதியிடமோ பேசவில்லை. அங்கு இல்லாத கீசை விளித்தே பேசுகின்றான். நாவலின் முடிவில் காதலர் இருவரும் கப்பலில் ஒருங்கே சாவை நோக்கிச் செல்கின்றனர். படம் அம்முடிவைக் களைந்து, நண்பர் இருவரை எதிரெதிர் நிறுத்துகின்றது. இம்மாற்றமே படத்தின் உயிர்நிலை என்பது எம் துணிபு.

கீசு எதனையும் ஆராயாது நம்பாதவன். பொய்க் கோரிக்கை வருமாயின் தன் வயிற்றினுள் ஒரு சிற்றாள் இருந்து உறுத்துவதாகக் கூறுபவன். முன்னொருகால் தான் மணக்கவிருந்த பெண்ணைப் பற்றியும் விசாரித்து, அம்மணத்தையே கைவிட்டவன். அத்தகையவன் ஆராயாது நம்பிய ஒருவன் நெஃப். தன்மேல் ஐயம் விழுந்ததோ என்று அஞ்சிய நெஃப், ஓரிரவு கீசின் அறைக்குள் சென்று டிக்டபோனை இயக்கிக் கேட்கின்றான். நெஃபின் நேர்மைக்குத் தானே பொறுப்பு என்று கீசின் குரல் சொல்கின்றது. நண்பனின் நம்பிக்கையைத் தாங்கிய அத்தகைய கருவியிலேயே பின்னர் நெஃப் தன் இரண்டகத்தைப் பதிகின்றான். முன்னது கேட்போன் அறியாது ஒலித்த சான்று. பின்னது அதற்குக் காலங்கடந்து வந்த மறுமொழி.

ஆகவே படத்தில் இரண்டு பிணைப்புகள் முறிகின்றன. பிலிசின் திருமணப் பிணைப்பு கதை தொடங்குமுன்னரே வெறுமையாகிவிட்டது. அதன் முறிவு நம்மை அதிர்ச்சியுறச் செய்கின்றது. நட்புப் பிணைப்போ உயிருள்ளது. அதன் முறிவு நம்மை வருத்துகின்றது. சுருட்டுப் பற்றவைக்கத் தீக்குச்சி தேடும் கீசுக்கு எப்பொழுதும் நெஃபே நெருப்புத் தருவான். இறுதியில், வாயிற்படியில் விழுந்துகிடக்கும் நெஃபின் சிகரெட்டிற்குக் கீசு நெருப்புத் தருகின்றான். நச்சுவாயு அறையில் நெஃபுக்குத் தண்டனை நிறைவேறும் காட்சியையும் வைல்டர் படமாக்கினார். ஆயினும் அதனை நீக்கிவிட்டார். நட்பின் தீர்ப்பு வழங்கப்பெற்றபின் அரசின் தீர்ப்பு மிகை என அவர் கண்டார் போலும்.

4. ஒரு தடை

‘நெஃப் காணாத காட்சியும் படத்தில் உளதே, அவன் வருமுன் பிலிசு இருக்கையின் மெத்தையடியில் துப்பாக்கியை மறைக்கின்றாள் அன்றோ? எனவே அவள் தீமை அவன் கூற்றைச் சாராது நிலைபெறுகின்றது’ எனச் சிலர் தடை எழுப்பலாம். தடை வலியுடையதே. எனினும் அக்காட்சியின் மீதும் நெஃபின் குரலே படர்கின்றது. அவனும் அன்றிரவு அவளை ஒழிக்கும் எண்ணத்தோடே வருகின்றான். ஒரு முறை சுட்ட அவள் மறுமுறை சுட மாட்டாது நிற்கின்றாள். அக்கணம்வரை தான் எவரையும் நேசித்ததில்லை என்கின்றாள். அவன் நம்பவில்லை, தழுவிய நிலையிலேயே இருமுறை சுடுகின்றான். அவள் சொல் மெய்யோ பொய்யோ என்பதைப் படம் எச்சமாகவே விட்டுவிடுகின்றது. அதனை நிரப்பும் உரிமை காண்போர்க்கே உரியது, நெஃபுக்கு உரியதன்று.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், ‘டபுள் இன்டெம்னிட்டி’ ஒரு பெண்ணின் வஞ்சம் பற்றிய கதை என்பதினும், வஞ்சித்தவன் வஞ்சிக்கப்பட்டவனுக்கு உரைக்கும் வாக்குமூலம் என்பதே பொருந்தும் எனப் பெறப்படும். கொலையாளி யார் என்பது முன்னரே தெரிந்தும் நாம் காத்திருப்பது, கேட்க வேண்டிய ஒருவன் எப்பொழுது வந்து கேட்பான் என்பதற்காகவே. கீசு வாயிலில் வந்து நின்று எதிர்பாராது கேட்டுக்கொண்டிருப்பதை நெஃப் திரும்பிப் பார்க்கும் கணத்தில் அக்காத்திருப்பு நிறைவுறுகின்றது. கதையைக் கதைமாந்தர் குணத்தால் மட்டும் அளப்போர்க்கு இந்நிறைவு புலப்படாது. சொல்வோனையும் கேட்போனையும் முதற்கண் வினவும் நம் இலக்கண மரபு, புதிய கலைகளின் ஆராய்ச்சிக்கும் பயன்படும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.