அட்டவணை மனிதரும் கட்டிலில் இருப்பவரும்

இலங்கையின் தேசிய தொழில் தகைமையின் மூன்றாம் மட்டப் பராமரிப்பாளர் சான்றிதழ் இஸ்ரேல் முதலிய நாடுகளின் வேலைவாய்ப்புக்கு வாயிலாகிவிட்ட நிலையில், அத்தகைய பயிற்சிகளுக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் ஒரு வாதம் கேள்வியின்றி ஏற்கப்பட்டு வருகிறது. குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், படுக்கை மாற்றுதல் ஆகியவை எவருக்கும் கைவரக்கூடியவை என்றும், உடல்வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாச வீதம், குருதியமுக்கம், குருதியின் ஒட்சிசன் செறிவு ஆகிய உயிர்க்குறிகளை அளந்து பதிவதே இத்தொழிலின் அறிவியற் பகுதி என்றும், அதில் தேர்ந்தவரே தேர்ந்த பராமரிப்பாளர் என்றும் அவ்வாதம் கூறுகிறது. வன்னியில் பராமரிப்பை வேண்டி நிற்போர் யார் என்று எண்ணிப் பார்த்தால் இவ்வாதம் நிலைக்காது.

அளவீட்டுப் பயிற்சியின் பயன்களை மறுப்பதற்கில்லை. குருதியமுக்கம் அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமர்ந்து இளைப்பாற வேண்டும், கை இதயத்தின் உயரத்தில் தாங்கப்பட வேண்டும், கைப்பட்டி கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும், அளக்கும்போது பேசக்கூடாது என்பவற்றைக் கற்றவர் எடுக்கும் அளவும் கல்லாதவர் எடுக்கும் அளவும் ஒன்றல்ல. சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வவுனியா மாவட்டத்தில், குருதிச் சுத்திகரிப்புக்காக நாடியும் நாளமும் இணைக்கப்பட்ட கையில் பட்டியைக் கட்டக்கூடாது என்ற ஒரு பாடமே பல கைகளைக் காக்கும்.

குறை அளக்கும் முறையில் இல்லை. அளந்ததை எதனோடு ஒப்பிடுவது என்பதில் இருக்கிறது. பயிலுநர் மனனம் செய்வது ஓர் அட்டவணையை: குருதியமுக்கம் 120/80, நாடி 60 முதல் 100, சுவாசம் 12 முதல் 20, ஒட்சிசன் 95 சதவீதத்துக்கு மேல். இந்த எண்கள் நோயற்ற, நடமாடுகின்ற, நடுவயது மனிதர் ஒருவருடையவை. பராமரிப்பாளரின் கையில் ஒப்படைக்கப்படும் எவரும் அந்த மனிதர் அல்லர். ஆயினும் எழுதிய எண் அட்டவணைக்குள் அடங்கினால் நலம், அடங்காவிட்டால் நலக்கேடு என்ற ஒரே தீர்ப்பு முறையே கற்பிக்கப்படுகிறது.

போரில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழோ கழுத்துக்குக் கீழோ உணர்விழந்து வாழ்வோர் வன்னியில் பலர். மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை அமைப்பு அத்தகையோராலேயே உருவானது. முள்ளந்தண்டுவடத்தின் ஆறாவது மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்புற்ற ஒருவரின் குருதியமுக்கம் வழமையாகவே 90/60 அளவில் இருக்கக்கூடும். அவருடைய சிறுநீர்க் குழாய் அடைபட்டாலும், மலச்சிக்கல் முற்றினாலும், படுக்கைப்புண் பழுத்தாலும், மூளையின் கட்டுப்பாடு எட்டாத கீழுடலின் நரம்புகள் கட்டின்றித் தூண்டப்பட்டுக் குருதியமுக்கம் திடீரென ஏறுகிறது. தன்னியக்க நரம்புகளின் இக்கொந்தளிப்பு மூளையில் குருதிக்கசிவு வரை கொண்டுபோகக்கூடியது. வழமையான அளவிலிருந்து 20 முதல் 40 மி.மீ. இரசம் வரையான ஏற்றமே இதற்கு அடையாளமாகக் கொள்ளப்படுவதால், 90 இருந்த இடத்தில் 130 வந்தால் அது அவசர நிலை. அட்டவணையைக் கற்ற பராமரிப்பாளருக்கோ 130/80 என்பது கவலைக்கு இடமில்லாத எண். முகம் சிவந்து, தலையிடி என்று நோயாளி முறையிடும்போதும், நெற்றியில் வியர்வை துளிர்க்கும்போதும், கருவி காட்டும் எண்ணே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. செய்யவேண்டியவை எளியவை: அவரை நிமிர்த்தி உட்காரவைத்தல், இறுகிய உடையைத் தளர்த்துதல், சிறுநீர்க் குழாய் எங்கேனும் மடங்கியுள்ளதா என்று பார்த்தல், உதவிக்கு அழைத்தல். இவற்றைத் தொடங்கவேண்டிய நிமிடத்தில் அட்டவணை பராமரிப்பாளரை அமைதிப்படுத்தி அனுப்பிவிடுகிறது.

இது தனிப்பட்ட ஒரு திறனாய்வாளரின் அச்சமன்று. பிரித்தானியாவின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய தேசிய முன்னெச்சரிக்கைப் புள்ளி முறை, உயிர்க்குறிகளுக்குப் புள்ளியிட்டு ஆபத்தை முன்னறியும் முறைகளுள் மிகப் பரவலானவற்றில் ஒன்று. முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டோரிடம் தன் புள்ளிகள் நம்பத்தகாதவையாகலாம் என்று அதுவே எச்சரிக்கிறது. முறையை வகுத்தோர் அதன் எல்லையைக் குறித்துவைத்திருக்க, எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லையை விட்டுவிடும் கற்பித்தல், அந்த எல்லைக்கு வெளியே வாழ்வோர் நிறைந்த ஒரு நிலத்தில் நடப்பது பொறுக்கத்தக்கதன்று.

முதியோரின் காய்ச்சலும் இத்தகையதே. முதுமையில் அடிப்படை வெப்பநிலை தாழ்ந்திருப்பதால், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கான அமெரிக்க வழிகாட்டல் ஒன்று 37.8 பாகை செல்சியஸைத் தாண்டுவதை மட்டுமன்றி, ஒருவருடைய வழமையிலிருந்து 1.1 பாகை கூடுவதையும் காய்ச்சலாகக் கொள்கிறது. வழமை எழுதப்படாத இடத்தில் இரண்டாவது விதியை எவ்வாறு பயன்படுத்துவது? விரலில் மாட்டும் ஒட்சிமீற்றரும் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை: 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோது உண்மைச் செறிவு 88 சதவீதத்துக்குக் கீழே இருந்த நிலை வெள்ளையரிடம் 3.6 சதவீத அளவீடுகளிலும் கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீத அளவீடுகளிலும் காணப்பட்டது. கருந்தோலினர் வாழும் வன்னியில் இச்செய்தி ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளே சொல்லப்பட வேண்டியது.

அட்டவணை பயிலுநரின் கண்ணையும் கெடுக்கிறது. சுவாச வீதத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. மார்பு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ணினால் போதும். ஆயினும் உலகெங்கும் மிகக் குறைவாக எண்ணப்படுவதும் மிகுதியாக ஊகித்து எழுதப்படுவதும் அதுவே. பெரிய வைத்தியசாலைகளின் தாள்களிலும் 18, 20 என்னும் எண்களே வரிசை வரிசையாக நிற்கின்றன. விடை முன்கூட்டியே தெரிந்த வினாவுக்கு எவரும் ஒரு நிமிடம் செலவிடுவதில்லை.

பராமரிப்பாளரின் உண்மையான வலிமை வேறிடத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தின் தாதிய உதவியாளர்கள் குறித்த நடத்தை மாற்றங்கள், நோய் மருத்துவக் குறிப்பில் ஏறுவதற்குச் சராசரியாக ஐந்து நாள்கள் முந்தியவையாக இருந்தன. வன்னியில் இதே அறிவு “ஆளில உசார் இல்லை”, “நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கேல்லை” என்னும் சொற்களில் நாள்தோறும் வெளிப்படுகிறது. குளிப்பாட்டுபவரும் உணவூட்டுபவருமே அதைச் சொல்ல வல்லவர். எவரும் செய்யக்கூடிய வேலை என்று ஒதுக்கப்பட்ட அப்பணிகளே நோயை முதலில் காணும் இடம். எண்களுக்கென வகுக்கப்பட்ட தாளிலோ அச்சொற்களுக்குக் கட்டம் இல்லை.

ஆறுமாதப் பயிற்சி பெற்றவரிடம் மருத்துவத் தீர்ப்பை எதிர்பார்க்கலாகாது, அட்டவணையே அவருக்குப் பாதுகாப்பு என்று மறுமொழி கூறப்படுவதுண்டு. நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவது நோயறிதல் ஆகாது. தாளின் தலைப்பில் “இவருடைய வழமை” என்று ஒரு வரி வரைந்து, நோயற்ற நாள்களில் எடுத்த அளவுகளை அதில் நிரப்பிவைப்பதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவையை அழைக்கும் பராமரிப்பாளர் “பிரஷர் 130/80” என்று மட்டும் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் பதறுவதற்கு அதில் எதுவும் இல்லை. “வழமையாக 90/60 இருக்கிறவர், இப்ப 130/80, தலையிடி என்கிறார், சிறுநீர்ப் பை காலையிலிருந்து நிறையவில்லை” என்று சொன்னால் வண்டி புறப்படும்.