வெல்ஸில் ஒரு படிக்கட்டு

இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயம் என்றதும் எல்லோரும் கத்தரிக்கோல் வளைவுகளைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். உயர்த்திக் கட்டிய கோபுரத்தின் கனம் தாங்காமல் அடித்தளம் இறங்கிச் சுவர்களில் விரிசல் விட்டபோது, வில்லியம் ஜாய் என்ற கல்தச்சர் 1338 தொடங்கிப் பத்தாண்டுகளில் முட்டுக்கொடுத்து நிறுத்திய வேலை அது. பொறியியல் துணிச்சலில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் பார்த்த மாத்திரத்தில் தன்னிடம் உள்ள அனைத்தையும் அது காட்டிவிடுகிறது. மறுமுறை போகிறவருக்கு மிச்சம் வைப்பதில்லை. அந்தப் பேராலயத்தின் ஆகச்சிறந்த படைப்பு வடக்குக் குறுக்குக்கூடத்தை ஒட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது: குருமார் கூடி நிர்வாகம் பேசும் சாப்டர் ஹவுஸுக்கு ஏறும் படிக்கட்டு. அதே கூடத்தில்தான் பழைய கடிகாரமும் இருக்கிறது. கால் மணிக்கொரு தரம் அதன் குதிரைவீரர்கள் சுற்றிவந்து மோதுவதை அண்ணாந்து பார்க்கும் கூட்டம், வேடிக்கை முடிந்ததும் வந்த வழியே கலைந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் சாப்டர் ஹவுஸ்கள் பெரும்பாலும் தரைமட்டத்தில்தான் இருக்கும். வெல்ஸில் அதை ஒரு கீழறையின் மேல் எழுப்பியதால் படி தேவைப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அகலமாகவும் தாழ்வாகவும் கட்டப்பட்ட அந்தப் படிகள் சற்றுத் தூரம் நேராக ஏறி, பிறகு வலப்பக்கம் விசிறியாக விரிந்து இரட்டை வளைவு வாயிலில் முடிகின்றன. உள்ளே 1306இல் முடிந்த எண்கோண மண்டபம். நடுத்தூணிலிருந்து 32 விலாக்கள் கிளம்பிக் கூரையெங்கும் பரவுகின்றன. திருப்பத்தில் படிக்கற்களின் உள்முனை ஒடுங்கி வெளிமுனை அகன்றிருப்பதையும், நடுவில் கால் விழும் இடம் பல தலைமுறை அரைத்த அம்மியாகக் குழிந்திருப்பதையும், பக்கத்துச் சன்னல்களின் பழைய கண்ணாடி வழியே வரும் சாம்பல் வெளிச்சம் அந்தக் குழிவுகளில் தேங்குவதையும் கவனித்தால் போதும். அந்த மண்டபத்துக்குள் நுழைய இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

தேய்மானத்தைக் கலை என்று கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தேய்ந்த படி ஊருக்கு ஊர் கிடக்கிறது, எல்லாமே அழகாகிவிடுவதில்லை. இங்கே தேய்மானம் பேசுகிறதென்றால், அது எங்கே விழவேண்டும் என்பதைக் கல்தச்சரின் வளைவு முன்பே தீர்மானித்துவிட்டதுதான் காரணம். இன்னொரு சாரார், இந்தப் படிக்கட்டின் புகழே ஃபிரெடரிக் எவன்ஸ் 1903இல் எடுத்த புகைப்படத்தால் வந்தது என்பார்கள். எவன்ஸ் மேதைதான், கல்லை அலையாக்கிக் காட்டியவர். ஆனால் அவருடைய படத்தில் இருப்பது ஒரே ஒரு பார்வைக்கோணம். ஏறும்போது மாறிக்கொண்டே வரும் சாய்வும், திருப்பத்தில் நடை தானாகவே தளர்வதும் எந்தப் படத்திலும் அகப்படாது. அவை காலுக்காகச் செய்யப்பட்டவை.

இதைவிட வலுவான ஆட்சேபம் சாலிஸ்பரி ரசிகர்களிடமிருந்து வருகிறது. 1220இல் தொடங்கி 1258க்குள் பெரும்பகுதியை முடித்த அந்தப் பேராலயத்தின் ஒருமைப்பாட்டை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், வெல்ஸ் படிக்கட்டு ஒட்டுப்போட்ட வேலைதான். ஆயர் பெக்கிங்டன் காலத்தில், 1459இல், தெருவுக்கு மேலே ஒரு பாலம் கட்டி, பழைய படிகளை நேரே மேலே நீட்டி அதோடு இணைத்தார்கள். வெல்ஸ் ஒரு மடமல்ல. அங்கிருந்த குருமார்களின் சார்பில் நாள்தோறும் வழிபாட்டில் பாடியவர்கள் விகார்கள். அவர்களுக்காக 1348இல் ஏற்படுத்திய குடியிருப்பின் கூடத்திலிருந்து தெருவில் இறங்காமலே பேராலயத்துக்கு வந்துபோகத்தான் அந்தப் பாலம். ஆக, நிர்வாகம் பேசப்போகும் குருமார் வலப்பக்கம் திரும்ப, பாடி முடித்த விகார்கள் நேரே ஏறிச் சாப்பாட்டுக்குப் போனார்கள். ஒரு பேராலயத்தின் இரண்டு படிநிலைகளும் பிரியும் இடம் கல்லிலேயே தெரிகிறது. அழகிலும் நட்டமில்லை: நேரே போகும் வழி ஒன்று பக்கத்தில் வந்த பிறகுதான், பழைய வளைவு வளைவாகவே கண்ணில் பட்டது. சாலிஸ்பரியின் ஒருமைப்பாடு ஒரு தலைமுறையின் சாதனை. முன்னோர் வேலையைக் கெடுக்காமல் அதற்கு மெருகேற்றுவது அதைவிட அரிய கைத்திறன்.

இந்தத் தேர்ச்சியைப் பார்க்கும் கண் குறைந்துவருகிறது. மிக உயரமானது, மிகப் பழையது, மிகச் சிறியது என்றே வழிகாட்டி நூல்கள் பட்டியல் போடுகின்றன. சுற்றுலாப் பேருந்துகள் தரும் நேரம் வளைவு, கடிகாரம், ஆயர் மாளிகை அகழியில் மணியடித்து இரை கேட்கும் அன்னங்கள் என்று கரைந்துவிடுகிறது. படிக்கட்டுக்கு வருகிறவர்களும் எவன்ஸ் நின்ற இடத்தைத் தேடி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஏறாமலே திரும்புகிறார்கள். எல்லோரும் ஏறினால் படி இன்னும் தேயாதா என்று கவலைப்படலாம். பராமரிப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். ஏறிப் பார்க்காதவருக்கு அது கல் குவியல்தான். வெல்ஸுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறதென்றால் அன்னங்களை விட்டுவிடலாம், கடிகாரத்தையும் விட்டுவிடலாம். அரை மணி படிக்கட்டுக்கு, அரை மணி அது கொண்டுசேர்க்கும் மண்டபத்துக்கு. வாசலில் கிடைக்கும் வழிகாட்டித் தாள் என்ன வரிசை சொன்னாலும், அந்த நகரத்தைப் பார்த்த கணக்கு இதில்தான் சேரும்.