ஹெவி மெட்டல்: முன்னோடிகளும் அவர்கள் வகுத்த அளவுகோல்களும்

ஹெவி மெட்டலின் ஒரு கிளைக்கு யார் முன்னோடி என்று கேட்டால், அதன் பெயரை முதலில் சொன்ன குழுவைக் காட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னால் வந்தவர்கள் எந்த இசையோடு தங்களை ஒப்பிட்டு அளந்துகொண்டார்களோ, அதை வாசித்தவர்களே முன்னோடிகள்.

பர்மிங்காமின் பிளாக் சப்பாத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இடக்கைக்காரரான கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, 1965இல் தகரப் பட்டறை விபத்தில் தந்தியை அழுத்தும் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கித் தாமே செய்துகொண்ட விரலுறைகளோடு வாசித்தார். கனமான தந்தி வலித்தது. மெல்லிய தந்திக்கு மாறினார். 1971இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாடல்களில் சுருதியையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. விரல் நோவுக்குத் தேடிய வழி, டூம் மெட்டல் என்ற மந்த கதிக் கிளையின் இலக்கணமாயிற்று. சுவீடனின் கேண்டில்மாஸ் 1986இல் அந்த மந்த கதியையே ஒரு தனிப் பாணியாக வளர்த்தெடுத்தது.

அதே பர்மிங்காம் வட்டாரத்தில் நேப்பாம் டெத் வேகத்தின் எல்லைக்குப் போனது. 1987இல் வந்த 'ஸ்கம்' ஆல்பத்தின் இரு பக்கங்களிலும் வாசித்தவர் டிரம்ஸ் கலைஞர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். கிரைண்ட்கோர் என்ற அதிவேகக் கிளையின் டிரம்ஸ் கலைஞர்களுக்கு அவருடைய பிளாஸ்ட் பீட் என்ற அதிவேகத் தாளம்தான் இன்றும் உரைகல். 'ஸ்கம்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் பாடிய லீ டோரியன், விலகிவந்து கதீட்ரல் குழுவைத் தொடங்கி, சப்பாத்தைவிடவும் மெதுவாக ஊரும் டூம் இசைக்குப் போனார்.

பிளாக் மெட்டல் என்ற பெயர், நியூகாசிலின் வேனம் 1982இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பு. ஆனால் அந்தக் கிளையின் ஒலியை வகுத்தது ஸ்டாக்ஹோமின் பாத்தரி. அதன் பாடகர் குவோர்தானின் கீச்சுக் குரலும் கரகரத்த பதிவுமே நார்வேக்காரர்களுக்குப் பாடமாயின. நார்வேயின் டார்க்த்ரோன் தன் முதல் ஆல்பத்தை 1991இல் டெத் மெட்டலாகத் தந்துவிட்டு, அடுத்த ஆண்டே டெத் மெட்டலின் துல்லியத்தை உதறி பிளாக் மெட்டல் பக்கம் வந்தது.

டெத் மெட்டலில் ஃப்ளோரிடாவின் டெத் குழு எனக்கு மிக நெருக்கமானது. அதன் தலைவர் சக் ஷுல்டினர் 1987இல் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' மூலம் ஓர் அளவுகோலை நாட்டினார்; 1991இல் 'ஹியூமன்' ஆல்பத்தில் சினிக் குழுவின் இரு கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு தாமே அதைத் தாண்டினார். முதல் ஆல்பத்தை உயர்த்திப் பேசும் ரசிகர்கள் பலருண்டு. என் தேர்வு 'ஹியூமன்'. முரட்டு வேகம் குறையாமலே தாளச் சிக்கலைக் கேட்கவைத்ததால், டெக்னிகல் டெத் மெட்டல் வாசிக்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் எட்டிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.