அத்திப்பள்ளி தாண்டாத பதிவேடு

தென்மாவட்டத்தில் ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்த ஒரு பெண்ணுக்குக் கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி ஒன்றியத்தில் முதல் பணியிடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாநிலம் மாறவில்லை. சம்பளமும் தமிழ்நாட்டு அரசின் சம்பளம்தான். ஆனால் வகுப்பில் பின்வரிசைப் பையனிடம் பேச்சுக் கொடுத்தால் தெலுங்கில் பதில் வருகிறது. பக்கத்தில் இருப்பவன் கன்னடத்தில் எடுத்துக் கொடுக்கிறான். மூன்றாவது பெஞ்சில் ஒடிசாவிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன சிறுமி யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போன ஆங்கில ஆசிரியருக்கு நேர்வதெல்லாம் பாஸ்போர்ட் இல்லாமலே இவருக்கு நேர்ந்துவிடுகிறது.

முதல் வாரம் முடிவதற்குள் அவர் மேசையில் பாடக்குறிப்பேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, மெல்லக் கற்போர் பதிவேடு, நலத்திட்டப் பதிவேடு எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். போதாததற்குக் கைப்பேசியில் எமிஸ் என்ற கல்வித்துறைத் தரவுச் செயலி. 'டீச்சர், இதை இன்னைக்கே ஏத்திடுங்க' என்பதுதான் பணியில் சேர்ந்தவர் கேட்கும் முதல் அறிவுரை.

ஆசிரியர் சங்கங்கள் இதைப் 'பதிவுச் சுமை' என்கின்றன. அதிகாரிகள் 'தரவு இல்லாமல் திட்டம் இல்லை' என்கிறார்கள். இரண்டு பேச்சும் பதிவேடுகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகின்றன. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும். எடைக்கல்லாக ஒரே கேள்வி போதும்: எழுதியவரைத் தவிர வேறு யாராவது இதைப் படிக்கிறாரா, படித்ததால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது மாறுகிறதா?

இந்தக் கேள்வியை நான் கல்வி நூல்களிலிருந்து எடுக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் எவரும் இதைப் புரிந்துகொள்வார். இரவு ஷிப்ட்டில் இயந்திரம் இரண்டு முறை நின்றுபோனால் அது லாக் புக்கில் ஏறும். காலையில் வருகிற சூப்பர்வைசர் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான். அது மேலாளர் கையொப்பமிடுவதற்காகப் பிறந்த புத்தகம் அல்ல, அடுத்த ஷிப்ட்டுக்காகப் பிறந்தது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002இல் டெமிங் விருது வாங்கியது. தரத்துக்கான அந்த விருதுக்குப் பின்னால் இருப்பதும் இதுபோல எழுதி, படித்து, திருத்தும் பழக்கம்தான். பிள்ளை உதிரிபாகம் அல்ல என்று யாரேனும் சீறலாம். ஒப்புக்கொள்கிறேன். உதிரிபாகத்துக்கே அவ்வளவு கவனம் என்றால் பிள்ளைக்குக் குறைவாக இருக்கலாமா என்பதே என் கேள்வி.

பாடக்குறிப்பேட்டிலிருந்து தொடங்குவோம். அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று படைப்பாற்றல் கல்வி நாள்களிலிருந்து ஒரு படிவரிசை வழக்கத்தில் இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு இது கைத்தடியாக உதவும் என்பதை மறுக்க முடியாது. முதல் மூன்று மாதம் எதற்குப்பின் எதைச் செய்வது என்று தெரியாமல் நாற்பத்தைந்து நிமிடத்தைக் கடத்துவது சின்னத் துன்பம் அல்ல. ஆனால் அந்தக் குறிப்பு எப்படி உருவாகிறது? வாரந்தோறும் வாட்ஸப் குழுக்களில் ஆயத்தமாக ஒரு பிடிஎஃப் வருகிறது. அதைப் பார்த்து எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. நாகர்கோவிலில் எழுதப்படும் குறிப்பும் தேன்கனிக்கோட்டையில் எழுதப்படும் குறிப்பும் காற்புள்ளி மாறாமல் ஒன்றாக இருக்கும். எந்த வகுப்பையும் பார்க்காமல் எழுதிய குறிப்பு எந்த வகுப்புக்கும் பொருந்தும், எதற்கும் உதவாது. இங்கிலாந்தின் கல்வித்துறைக்காக அமைந்த குழுக்கள் 2016இல் ஆசிரியர் வேலைப்பளு பற்றி மூன்று அறிக்கைகள் தந்தன. பாடத் தயாரிப்பு பற்றிய அறிக்கை, பாடத்தைத் திட்டமிடுவது வேறு, திட்டத்தைத் தாளில் விரித்து எழுதிக் காட்டுவது வேறு என்று பிரித்தது. நம் பாடக்குறிப்பேடு இரண்டாவது வகை. என் எடைக்கல்லில் அது தேறவில்லை.

அடுத்தது மதிப்பெண். 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. நல்ல எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு. ஒரே தேர்வில் பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் பழைய முறையைவிட எவ்வளவோ மேல். ஆனால் உரையாடல், பாட்டு ஒப்புவித்தல், செயல்திட்டம் என்று வளரறி மதிப்பீட்டின் (அ) பகுதிக்கு வைத்த 20 மதிப்பெண் பல பதிவேடுகளில் பதினேழு, பதினெட்டு, பதினேழு என்று ஏணிபோல இறங்குவதைப் பார்க்காத ஆசிரியர் இருக்க மாட்டார். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே எண் என்றால் அந்த எண் யாரைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை.

இது தமிழ்நாட்டு ஆசிரியரின் சோம்பல் அல்ல. 1862இல் இங்கிலாந்தில், பிள்ளைகள் ஆய்வாளர் முன்னால் வாசித்துக் காட்டுவதற்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்று ஒரு விதி வந்தது. பள்ளிகள் என்ன செய்தன? வாசகப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தன. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்ட் அந்த விதியை விடாமல் எதிர்த்து எழுதினார். சென்னை மாகாணத்துப் பள்ளிகளும் அதே வகை மானிய முறையைக் கண்டவைதான். மேலே இருப்பவருக்குக் காட்டுவதற்காக அளக்கத் தொடங்கினால் காட்டத்தக்க அளவுதான் வரும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தை இவற்றோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. 2022 ஜூனில் தொடங்கி, முதலில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் பிறகு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போன திட்டம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சியைக் கொடுக்கச் சொல்கிறது. இங்கே மதிப்பீட்டைப் படிக்க வேண்டியவர் ஆசிரியரே. படித்தால் மறுநாள் வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பது மாறுகிறது. எடைக்கல்லின் முன் இது நிமிர்ந்து நிற்கிறது. குறை வேறிடத்தில்: ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் செயலியில் பதில் பதியும் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும் மலைக்கிராமத்தில், அஞ்செட்டிப் பக்கம், அந்த நேரம் இரட்டிப்பாகும். கருத்து சரி, கருவிதான் ஆசிரியரைத் தின்கிறது.

இப்போது எல்லாரும் திட்டுகிற எமிஸ். இதற்காக வாதாட நான் தயார், ஓரளவுக்கு.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவருக்கு 2020இல் வந்தது 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு. 2022இல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியபோது அதன் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் அரசுப் பள்ளிப் படிப்புதான் தகுதியாக இருந்தது. ஏழாம் வகுப்பில் அப்பாவுக்கு வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்து, குடும்பம் ஊர் மாறிப் போய், மறு ஆண்டு திரும்பி வந்த பெண்ணுக்கு அந்த ஓராண்டு எங்கே போனது என்று பதிவேடுதான் சொல்ல வேண்டும். ஒரு சேர்க்கைப் பதிவை அலட்சியமாக விட்ட ஆசிரியர் ஒரு மருத்துவ இடத்தையே விட்டிருக்கக்கூடும். வருகைப் பதிவேடும் சேர்க்கை-நீக்கல் பதிவேடும் புனிதமானவை என்று சொன்னால்கூட மிகையில்லை. கல்வி உரிமைச் சட்டம் மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. அந்த உரிமை நடைமுறையில் வேலை செய்வதற்கு, பிள்ளையின் எமிஸ் எண்ணைப் பொதுத் தொகுப்பில் விட்டு அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பெரிய உதவி.

ஆனால் பொதுத் தொகுப்பு மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியோடு முடிகிறது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே எமிஸ் இல்லை, கர்நாடகத்தின் சாட்ஸ். மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தரும் நிரந்தரக் கல்வி எண் இரண்டுக்கும் நடுவே பாலம் என்கிறார்கள். எண் போய்ச் சேரும். பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தாள் என்பது போய்ச் சேராது.

எங்கே தடுக்கினாள் என்பது ஏன் முக்கியம்? இந்தப் பகுதியில் ஆங்கிலம் கற்பிக்கிறவருக்கு அதுதான் எல்லாமும். குண்டூசியைக் குறிக்கும் 'பின்', குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையிலேயே இரண்டையும் ஒரே மாதிரிதான் அச்சிட முடிகிறது. தமிழெழுத்தில் அந்த வேறுபாடு இல்லை. தமிழ் எழுத்து வழியாக ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளை அங்கே குழம்புவது இயல்பு. தெலுங்கு, கன்னட எழுத்து அறிந்த பிள்ளைக்கு இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, அந்த இடத்தில் குழப்பம் வராது. உருது பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு 'ஃபேன்' என்பதன் முதல் ஒலி பாலோடு சேர்ந்து வந்தது. வங்காளி, ஒடியாப் பிள்ளைக்கோ 'வ' வரவேண்டிய இடத்தில் 'ப' வந்து நிற்கும். பீகாரிலிருந்து வந்தவன் 'இஸ்கூல்' என்பான். இவர்கள் ஐந்து பேரையும் மெல்லக் கற்போர் பதிவேட்டில் 'வாசிக்கத் திணறுகிறார்' என்று ஒரே வரியில் எழுதி வைத்தால், அதைப் பார்த்து அடுத்த ஆசிரியர் என்ன செய்வார்? ஐந்து பேருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுப்பார்.

தாய்மொழி என்ன என்று அரசு கேட்காமல் இல்லை. மாணவர் விவரப் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. ஆங்கில ஆசிரியரின் மதிப்பெண் பதிவேட்டில் பெயரும் எண்ணும் மதிப்பெண்ணும் மட்டும் இருக்கின்றன. இரண்டு தாள்களும் ஒரே பள்ளியில், ஒரே பீரோவில் இருக்கலாம். ஒன்றையொன்று பார்ப்பதில்லை. என் திறனாய்வின் மையமான குறை இதுதான். சுமை அதிகம் என்பதைவிட இது பெரிய குறை.

தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு ஓசூர்ப் பக்கத்துச் சிறுபான்மை மொழிப் பிள்ளையின் நிலை இன்னும் சிக்கல். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், பாடத்தில் தமிழ், அதன்பின் ஆங்கிலம். அவளுக்கு ஆங்கிலம் நான்காம் மொழி. நமது படிவங்கள் எல்லாவற்றிலும் அது இரண்டாம் மொழி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிப் புகழ்பெற்றார் என்று பள்ளி விழாக்களில் பெருமை பேசுகிறோம்; அந்த மண்ணில் மொழிகள் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்பதற்குப் பதிவேட்டில் இடமில்லை.

எதிர்வாதம் ஒன்று பாக்கி. வடமாவட்டத்துக்கு வரும் புதிய ஆசிரியர்களில் பலர் மாறுதல் கலந்தாய்வுக்குக் காத்திருப்பவர்கள். பதிவேட்டுக் கட்டாயமும் இல்லாவிட்டால் வேலையே நடக்காது என்கிறார்கள். இதில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே உண்மை எதிர்ப்பக்கமும் வெட்டுகிறது. இரண்டு ஆண்டில் ஊருக்குத் திரும்பப் போகிற ஆசிரியர் விட்டுச் செல்வது என்ன? பிடிஎஃப் பார்த்து எழுதிய குறிப்பேடா, 'இந்தப் பெண் தெலுங்கு வீடு, சொல்லை வாசிப்பாள், வாக்கியம் கேட்டால் தலை குனிவாள்' என்ற ஒரு வரியா? ஆசிரியர் அடிக்கடி மாறும் இடத்தில்தான் லாக் புக் அதிகம் தேவை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. வகுப்பறைக்குள் இருந்தபடியே ஆசிரியரைக் கற்பித்தலிலிருந்து வெளியே அனுப்பிவிடும் தாளைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. ஆசிரியர் பணி பற்றிய பன்னாட்டு ஆய்வான டேலிஸின் 2018ஆம் ஆண்டுக் கணக்கில் ஜப்பானிய நடுநிலைப்பள்ளி ஆசிரியரின் வாரம் 56 மணி நேரம். அதில் கற்பித்தது 18 மணி நேரம்தான். நோய் நம்முடையது மட்டும் அல்ல.

ஆகவே என் தீர்ப்பு. சேர்க்கையும் வருகையும் இருக்கட்டும், இன்னும் கறாராக இருக்கட்டும். ஆனால் அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலை ஆசிரியருடையது அல்ல. எண்ணும் எழுத்தும் மதிப்பீடு இருக்கட்டும். அடிக்கடி வேண்டாம், தாளிலும் செய்யலாம் என்று விடட்டும். வளரறி மதிப்பெண்ணை எண்ணாகக் கேட்பதை நிறுத்தலாம். பாடக்குறிப்பேட்டை முதல் ஆண்டு ஆசிரியருக்கு மட்டும் வைத்து, அதையும் அவர் கையெழுத்தில் அரைப் பக்கத்துக்கு மேல் கேட்காமல், மற்றவர்களுக்கு எடுத்துவிடலாம்.

அதற்குப் பதிலாக, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளிகளிலாவது, ஒரு புதுத் தாள் வேண்டும்: பிள்ளையின் பெயர், வீட்டு மொழி, எழுதத் தெரிந்த எழுத்து, ஆங்கிலத்தில் தடுக்கும் இடம், எந்தப் பயிற்சி பலன் தந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை எழுதினால் போதும். மேலதிகாரி கேட்கக் கூடாது, செயலியில் ஏற்றக் கூடாது. மாற்றுச் சான்றிதழோடு பெற்றோர் கையில் கொடுத்துவிடலாம். அத்திப்பள்ளி ஆசிரியருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம் என்பதால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதலாம். எழுதப் போகிறவர் ஆங்கில ஆசிரியர்தானே.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் ஜூனில் புதிதாகச் சேர வருகிறவரிடம் எமிஸ் கடவுச்சொல்லைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தாள்கட்டைக் கொடுங்கள்.