பாணும் பண்பாடும்

"நகர வாழ்க்கையா, கிராம வாழ்க்கையா சிறந்தது?" என்ற கட்டுரைத் தலைப்பை அறியாத தமிழ் மாணவர் இந்நாட்டில் இல்லை எனலாம். நாமும் மாணவராயிருந்த காலத்தில் அதனை எழுதினோம். பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று ஆசிரியரான பின், அதே தலைப்பை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறோம். விடைகளும் பெரிதாக மாறுவதில்லை. கிராமத்திலே தென்றல் வீசும், வயல் விளையும், மாந்தர் கள்ளங் கபடமற்றோர். நகரத்திலே புகையும் இரைச்சலும் மிகுதி. ஆயினும் கல்வி, மருத்துவம், தொழில் ஆகிய வசதிகள் உண்டு. "உலகின் எந்த நாட்டு உணவையும் நகரத்திலே உண்ணலாம்" என்பதும் அண்மைக் காலத்தில் அவ்வசதிகளின் வரிசையிற் சேர்ந்துள்ளது. இறுதியில், இரண்டிலும் நன்மையும் தீமையும் உள என்ற நடுநிலையோடு கட்டுரை முடிவெய்தும். நாமும் மகிழ்ந்து புள்ளி வழங்குவோம்.

பாடசாலைக் கட்டுரையொன்றை விமர்சனத்துக்கு எடுத்துக் கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரக்கூடும். ஆயின், ஒரு சமுதாயத்தின் அன்றாடக் கருத்துக்கள் எங்கே உருப்பெறுகின்றன என்பதை அறிய விரும்புவோர் பெரும் படைப்பாளிகளை மாத்திரம் நோக்கினாற் போதாது. பஸ்ஸிலும் கந்தோரிலும் கலியாண வீட்டிலும் நாம் கேட்கும் அபிப்பிராயங்கள் வகுப்பறைக்குள் வந்து, இலக்கணச் சுத்தம் பெற்று, மீண்டும் வெளியே செல்கின்றன. அவற்றுக்குச் சுத்தம் செய்து கொடுப்பவர் ஆசிரியரே. எனவே இவ்விமர்சனம் முதலில் எம்மைச் சார்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கொழும்பிலே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இத்தலைப்பில் எழுதிய கட்டுரையைத் திருத்தினோம். தந்தை புறக்கோட்டையிலே மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளி. தாய் அலுவலகக் கட்டடமொன்றைத் துப்புரவு செய்பவர். அவன் எழுதியிருந்தது இதுதான்: "நகரத்திலே எல்லா நாட்டு உணவும் கிடைக்கும். எங்கள் வீட்டிலும் வெளிநாட்டு உணவுதான். பாண் மா வெளிநாடு, பருப்பு வெளிநாடு, டின் மீன் வெளிநாடு. அம்மா வேலையால் வர எட்டு மணியாகும். அதனால் இரவில் பாண்." நாம் "வேலையால்" என்பதை "வேலையிலிருந்து" எனத் திருத்தினோம். ஏனைய வாக்கியங்களைச் சிவப்பு மையால் வெட்டி, ஓரத்திலே "தலைப்புக்குப் பொருந்தாது" என்று எழுதினோம்.

இன்று சிந்திக்கும்போது, அன்று எம் மேசையிலிருந்த கட்டுரைகள் அனைத்திலும் தலைப்புக்கு உண்மையிலே பொருந்திய வாக்கியங்கள் அவைதாம் என்று தோன்றுகிறது. மற்றையவர்கள் நகரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதினார்கள். அவன் தான் உண்டதை எழுதினான். அவ்வாக்கியங்களை வெட்டும்படி எம் கையைத் தூண்டிய கருத்துக்கள் எவை என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

அவற்றுள் முதலாவது, நகரத்திலே எவரும் பட்டினி கிடப்பதில்லை என்பது. சந்திக்குச் சந்தி சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளிலே பணிசும் ரோல்சும் அடுக்கியிருக்கின்றன. நண்பகலிலே சோற்றுப் பார்சல்கள் மலைபோற் குவிகின்றன. இவை மெய். ஆனால் உணவு கண்ணுக்கு எட்டுவதும் கைக்கு எட்டுவதும் வெவ்வேறு. நகரத்து வறியவனுக்கு வேலியோரத்து முருங்கையில்லை, கொல்லையிலே விறகில்லை. கறிவேப்பிலை முதல் அடுப்பின் நெருப்பு வரை அனைத்தையும் அவன் காசு கொடுத்தே பெறுகிறான். காசின் பெறுமதி வீழும்போது அவன் சார்ந்து நிற்பதற்கு வேறொன்றுமில்லை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் பார்க்க 94.9 வீதம் உயர்ந்திருந்தன. அவ்வாண்டில் மூட்டை சுமந்தவனின் கூலி அவ்வாறு உயரவில்லை. 2021க்கும் 2022க்கும் இடையே நகர்ப்புற வறுமை 5 வீதத்திலிருந்து 15 வீதமாகியது என்பது உலக வங்கியின் மதிப்பீடு. உலக வங்கி எமது முகாமைச் சேர்ந்த நிறுவனமன்று. அதுவே இவ்வாறு கூறுகிறது.

இதனைக் கூறும்போது கிராமத்தைப் பொன்னுலகமாக்கும் எண்ணம் எமக்கில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் மலையகத் தோட்டங்களிலே மக்கள் பசியால் மாண்டனர். அங்கு தென்றலும் வீசியது, பசுமையும் இருந்தது. நிலமற்றவனுக்கு வயலின் அழகு சோறாவதில்லை. ஆகவே நகரமா கிராமமா என்ற வினாவே பிழையானது. எவரிடம் நிலமுண்டு, எவரிடம் காசுண்டு என்ற வினாவை அது மறைத்து விடுகிறது.

இரண்டாவது கருத்து, வறியவர் சோம்பலினாலேயே கடைப் பாணை உண்கின்றனர் என்பது. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் தம் வீட்டிலே தாமே சமைக்காதவர்கள். சோறாக்குதல் என்பது அரிசியை உலையிலிடுவதோடு முடிவதன்று. தேங்காய் துருவிப் பாலெடுக்க வேண்டும். ஒரு கறியாவது வைக்க வேண்டும். சட்டி பானை கழுவத் தண்ணீர் வேண்டும். எட்டு மணிக்கு வீடு திரும்பி, அதிகாலையிலே மீண்டும் வேலைக்குப் புறப்படும் ஒரு பெண்ணிடம் அந்த ஒன்றரை மணித்தியாலத்தை எங்கிருந்து எடுக்கச் சொல்கிறோம்? ஓர் இறாத்தல் பாணை வாங்கும்போது அவள் வாங்குவது உறக்கத்தையுந்தான்.

அடுப்பின் கதை இன்னும் துயரமானது. கொழும்பின் தோட்டங்களிலும் முடுக்குகளிலும் பலகை வீடுகளில் வாழ்ந்தோர் பலர், 2001இல் வனாத்தமுல்லையில் எழுந்த சஹஸ்புர முதலாக, அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்குச் சுவரும் கூரையும் கிடைத்தன. அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் பத்தாம் மாடியிலே விறகடுப்பு எரிக்க இயலாது. பழைய முற்றத்திலே உடைந்த பெட்டிப் பலகையாவது உலையைக் கொதிக்க வைத்தது. 2022இல் சமையல் எரிவாயு இல்லாது போனபோது, வெற்றுச் சிலிண்டரோடு வீதியிலே நாட்கணக்கில் காத்துநின்றோர் எத்தனை பேர்! அதே எரிவாயு இன்றிப் பேக்கரிகளும் அடுப்பணைத்த வேளையிலே பாணும் அரிதாயிற்று. இதையெல்லாம் கண்ட பின்னரும் ஒருவர் வறியவரின் சோம்பலைப் பற்றிப் பேசுவாராயின், அவர் கண்டது வேறொரு நகரமாதல் வேண்டும்.

மூன்றாவது கருத்து பண்பாட்டின் பெயரால் வருவது. அந்நிய உணவு நம்மைக் கெடுத்துவிட்டது. நம் முன்னோரின் உணவுக்கு மீள வேண்டும் என்பர். இக்கருத்தைத் தமிழ் ஆசிரியர்கள் எளிதிலே ஏற்பர், நாமும் ஏற்றிருந்தோம். ஆனால் வரலாறு இவ்வளவு எளிமையானதன்று. 'பாண்' போர்த்துக்கேயரிடமிருந்து பெற்ற சொல். அப்பாணுக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலின் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. பஞ்ச காலத்திலே எம் மக்களைக் காத்த மரவள்ளியும் தென் அமெரிக்கப் பயிரே. இவற்றை விலக்கிவிட்டுத் தூய உணவொன்றைத் தேடுவோர் மிளகுத் தண்ணீரோடு அமர வேண்டியதுதான்!

கோதுமை வந்த வழியை நோக்குமிடத்து விடயம் மேலும் தெளிவாகும். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நாட்டிலே உணவுப் பங்கீடு தொடங்கியது. அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. 1954இல் அமெரிக்கா தன் மிகுதித் தானியத்தை வறிய நாடுகளுக்கு அனுப்பப் பி.எல். 480 என்னும் சட்டத்தை இயற்றியது. அங்கே விற்பனையாகாத கோதுமைக்கு இங்கே வயிறுகள் இருந்தன. யாழ்ப்பாணத்துச் சமையலறைகளிலே அந்த மாவுக்கு 'அமெரிக்கன் மா' என்றே பெயர் நிலைத்தது. மலையகத்திலே தோட்டத் தொழிலாளரின் அன்றாட உணவு கோதுமை ரொட்டியாயிற்று. 1980 முதல் திருகோணமலையிலே பெரும் மா ஆலையொன்று இயங்குகிறது. இத்தீவிலோ கோதுமை பயிராவதில்லை. இவ்வளவும் நிகழ்ந்தபோது வறியவரின் நாவை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. போர், கப்பல், கடன், விலை ஆகிய நான்கும் கூடித் தீர்மானித்ததை நாம் அவர்களின் 'ருசிக் கேடு' என்று பெயரிட்டழைக்கிறோம்.

முன்னைய தலைமுறையினர் இதில் எம்மிலும் தெளிவுடையோராயிருந்தனர். 1953ஆம் ஆண்டு யூலையிலே பங்கீட்டரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது; பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் பலியாயின. ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். தமது தட்டிலுள்ள உணவு எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். பின்னர் 1979இல் பங்கீடு உணவு முத்திரையாக மாற்றப்பட்டு, விலையேற்றத்தால் அம்முத்திரையின் பெறுமதி தேய்ந்தபோது, அத்தகைய எழுச்சி நிகழவில்லை. பசியை ஒரு கொள்கையின் விளைவாகக் காணாமல் தனிமனிதரின் குறைபாடாகக் காணும் மனப்பாங்கு வளர்ந்தமையும் அதற்கொரு காரணமென நாம் கருதுகிறோம். அம்மனப்பாங்கின் வளர்ச்சியில் எமது கட்டுரைத் தலைப்புகளுக்கும் சிறிது பங்குண்டு.

அதே கோதுமை காலிமுகத்திடலை அடுத்த விடுதிகளிலே பாஸ்தாவாகவும் பீட்ஸாவாகவும் பரிமாறப்படும்போது, அது 'பன்னாட்டு உணவு' எனப்படுகிறது. நகரத்தின் முன்னேற்றத்துக்குச் சான்றாகிறது. பேக்கரியிலே இறாத்தற் பாணாகும்போது அது பண்பாட்டுச் சீரழிவு. மறுபுறத்திலே, ஒரு காலத்தில் ஏழையின் உணவென்று இகழப்பட்ட குரக்கனும் ஒடியலும் இன்று அழகிய பொதிகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. உடல்நலம் பேணுவோர் விரும்பி வாங்குகின்றனர். உண்பவன் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்பதைப் பொறுத்தே உணவு உயர்ந்ததும் தாழ்ந்ததும் ஆகிறது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முற்போக்கு எழுத்தாளரான நண்பர்களுக்கும் ஒரு சொல். வறுமையை எழுதியோர் நம்மிடையே பலர். ஆயினும் நம் சிறுகதைகளிலே பாண் வருமிடமெல்லாம் கண்ணீரும் கூடவே வருகிறது. வறியவனுக்குப் பசி மாத்திரமே உண்டு, ருசியில்லை என்பது போல எழுதிவிடுகிறோம். அந்த மாணவனின் குடும்பத்தார் எந்தப் பேக்கரியின் பாண் மாலையிலே சூடாக வரும் என்பதை அறிவார்கள். கட்டைச் சம்பலிலே தேசிக்காய்ப் புளி எவ்வளவு சேர வேண்டும் என்பதில் வாதிடுவார்கள். கூலி கிடைத்த நாளிலே தகட்டின் தாளத்தைக் கேட்டு நின்று கொத்து ரொட்டி வாங்குவார்கள். சிறிய வருவாய்க்குள்ளும் தேர்ந்து மகிழும் மனிதர் அவர்கள். அம்மகிழ்ச்சியை மறைத்து இரக்கத்தை மட்டும் தேடும் எழுத்து, மேலிருந்து கீழே நோக்கும் எழுத்தாகவே அமையும். அவர்களைச் சோம்பேறிகள் என்பவரும், பரிதாபத்துக்குரியோர் என்று மட்டும் எழுதுபவரும், அவர்களிடம் எதையும் கேட்டறிவதில்லை என்ற வகையிலே ஒன்றுபடுகின்றனர்.

அம்மாணவன் அதன் பின்னர் எழுதிய கட்டுரைகள் எமக்கு நினைவிருக்கின்றன. அவற்றிலே தென்றல் வீசியது, வயல் விளைந்தது, மாந்தர் கள்ளங் கபடமற்றோராயிருந்தனர். புள்ளிகளும் கூடின. ஆனால் அவனது வீடு மீண்டும் ஒருமுறையேனும் அவன் எழுத்திலே வரவில்லை. நாம் கற்பித்ததை அவன் நன்றாகவே கற்றுக்கொண்டான்.

அவன் இப்போது பாடசாலையை விட்டுச் சென்றுவிட்டான். அவனுக்குரிய புள்ளியை இனி எம்மால் வழங்க இயலாது. இயன்றதொன்று உண்டு. இவ்வாண்டு முதல் எம் வகுப்பிலே அப்பழைய தலைப்பு இல்லை. பதிலாக இவ்வினாக்களைக் கரும்பலகையில் எழுதினோம்: நேற்றிரவு உங்கள் வீட்டில் உண்ட உணவு யாது? அதன் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது? என்ன விலை? யார் சமைத்தார்? அவர் எப்போது உண்டார்? விடைகளிலே சந்திப் பிழைகள் மலிந்துள்ளன. அவற்றைப் பின்னர் திருத்திக் கொள்ளலாம். முதலில் அவ்விடைகளை வகுப்பிலே உரத்து வாசிக்கச் செய்திருக்கிறோம். இவ்விதழை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களும் தத்தம் வகுப்புகளிலே இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பார்களாக.