கரி போட்டால் எரிவாயு கூடுமா?

கழிவுநீர்க் கசடைக் காற்றுப் புகாத தொட்டியில் 35 டிகிரி சூட்டில் 20 நாள் போல வைத்திருந்தால் அது செரித்து மீத்தேன் கலந்த வாயுவைத் தருகிறது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் இந்த வாயுவிலிருந்து மின்சாரமும் எடுக்கிறார்கள். அதே தொட்டியில் கிளர்வூட்டிய கரி, பயோசார், கிராஃபைட் என மின்சாரம் கடத்தும் கரிப்பொருள் எதையாவது கலந்தால் வாயு கூடும் என்று ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இதன் அறிவியலில் எனக்கு ஐயமில்லை. அதை விளைச்சல் கணக்காக மாற்றிச் சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது.

கசடைச் செரிப்பது ஒரே வகை நுண்ணுயிரின் வேலையல்ல. ஒரு கூட்டம் கொழுப்பமிலங்களை உடைத்து, மிஞ்சும் எலக்ட்ரான்களை ஹைட்ரஜனாக வெளியே விடுகிறது. மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாக்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. அந்த ஹைட்ரஜன் சிறிது தேங்கினாலே போதும், புரோப்பியோனிக் அமிலம் உடைவது நின்றுபோகும். அமிலம் ஏறி, பிஎச் இறங்கி, தொட்டியே புளித்துவிடும். 2010இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெரிக் லவ்லியின் குழு, இரண்டு ஜியோபாக்டர் பாக்டீரிய இனங்கள் ஹைட்ரஜனின் துணையின்றி எலக்ட்ரான்களை நேரடியாகக் கைமாற்றுவதைக் காட்டியது. கிளர்வூட்டிய கரித்துகள் அந்தக் கைமாற்றத்துக்கு வழியாக அமையும் என்பது 2012இல் தெரியவந்தது. கரிக்குள்ள உண்மையான பலம் இதுதான்: நெரிசல் ஏற்படும் இடத்தில் அது இன்னொரு வழியைத் திறக்கிறது.

ஆனால் வழி அகலமானதால் சரக்கு கூடிவிடாது. கசடிலுள்ள கரிமப்பொருளைச் சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) என்ற கணக்கில் அளப்பார்கள். 1 கிலோ சிஓடி முழுவதும் மீத்தேனாக மாறினாலும் கிடைப்பது 0.35 கன மீட்டர்தான். கரி அந்த உச்சவரம்பை உயர்த்துவதில்லை. ஆய்வகச் சோதனையில் கரி போட்ட குப்பி, போடாததை விடப் பத்தாம் நாளில் முந்தி நிற்கும். அன்றே சோதனையை முடித்தால் வேகம் விளைச்சலாகத் தோன்றும். கசடில் தாமதம் நேரும் இடமும் வேறு. உபரிக் கசடில் பெரும்பகுதி பாக்டீரிய உடல்களே. அவற்றின் செல்சுவர் உடையத்தான் நாளாகிறது. 160 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அவித்து அழுத்தத்தைச் சட்டென விடுவித்தால் அது உடையும். வாஷிங்டனின் ப்ளூ பிளெயின்ஸ் நிலையம் 2015 முதல் அப்படித்தான் செய்கிறது. கரிக்கு அந்த வேலை தெரியாது.

செலவையும் போட்டுப் பார்ப்போம். 5,000 கன மீட்டர் தொட்டி, 20 நாள் தங்கல் என்றால் நாளுக்கு 250 கன மீட்டர் கசடு உள்ளே போய் அதே அளவு வெளியே வருகிறது. லிட்டருக்கு 5 கிராம் தூள்கரி இருக்க வேண்டுமானால் தினம் 1,250 கிலோ போட வேண்டும், அவ்வளவும் கசடோடு வெளியேறும். அத்தகைய தொட்டி நாளுக்குச் சுமார் 3,000 கன மீட்டர் வாயு தரும். 20 விழுக்காடு கூடியதாகவே தாராளமாக வைத்துக்கொள்வோம்: 600 கன மீட்டர், ஏறத்தாழ 1,200 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் வரவு 8,400 ரூபாய். கரி கிலோ 7 ரூபாய்க்குள் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். காங்கேயம் பக்கத்துக் கொட்டாங்குச்சிக் கரியே அந்த விலைக்கு வராது, பிறகல்லவா கிளர்வூட்டிய கரி.

செரித்த கசடோடு போகும் பயோசார் மண்ணுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் நகரக் கசடில் கன உலோகங்கள் இருக்கும் வரை அதை வயலில் இட முடியுமா என்பதைக் கரி தீர்மானிப்பதில்லை. தூளுக்குப் பதில் கரியிழைத் துணியாகத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் கரி இழப்பு இராது என்பது அடுத்த வாதம். கழிவுநீரில் வரும் முடியும் நாரும் கலக்கித் தண்டுகளிலேயே கயிறு போலச் சுற்றிக்கொள்கின்றன. துணி எத்தனை நாள் தாங்கும்?

அதற்காகக் கரியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. புதுத் தொட்டியைத் தொடங்கும்போதும், உணவுக் கழிவைத் திடீரெனச் சேர்த்து அமிலம் ஏறும்போதும், சில வாரங்களுக்கு மட்டும் இட்டால் செலவுக்குப் பயன் உண்டு. ஒரு தொட்டி புளித்து நின்றால் மீட்க மாதக்கணக்காகும். கரி உண்மையில் உதவுகிறதா என்று சோதிக்க இரட்டைத் தொட்டி உள்ள நிலையமே ஏற்ற இடம். ஒன்றில் கரி, மற்றொன்றில் அதே அளவு மின்கடத்தாத மணல், இரண்டுக்கும் ஒரே கசடு, குறைந்தது மூன்று தங்கல் காலம், அதாவது 60 நாள். மணலும் அதே பலனைத் தந்தால், உதவியது மின்கடத்தல் அல்ல, நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்ளக் கிடைத்த பரப்பு என்று தெரிந்துவிடும்.