முற்பிறவியின் கடன்: ‘பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி’ விளையாட்டும் அதன் இரசிகர் ஆர்வமும்

முன்னுரை

தோன்றாத ஒரு படைப்பின்மீது அன்பு கொள்ள இயலுமா? இவ்வினா வெறும் சொல்விளையாட்டன்று. 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 14 ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த அப்சிடியன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம், தான் உருவாக்கவிருந்த கணினி விளையாட்டொன்றுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழிப் பொதுமக்களிடம் 1.1 மில்லியன் அமெரிக்க வெள்ளி வேண்டி நின்றது. ஏறத்தாழ ஒரே நாளில் அத்தொகை நிறைந்தது. அக்டோபர் 16 ஆம் நாள் நிதி திரட்டல் முடிவுற்றபோது 73,986 பேர் 3,986,929 வெள்ளி வழங்க முன்வந்திருந்தனர். அவர்கள் கண்முன் இருந்தவை ஒரு காணொளியும் சில ஓவியங்களும் ‘புராஜெக்ட் எட்டர்னிட்டி’ என்னும் தற்காலிகப் பெயரும் பல வாக்குறுதிகளுமே. அவ்விளையாட்டு ‘பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி’ என்னும் பெயரில் 2015 மார்ச் 26 இல் வெளிவந்தது.

இது பாகமேற்பு விளையாட்டு என்னும் வகையைச் சார்ந்தது. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் பாகத்தை ஏற்று, கற்பனை நாடொன்றில் பயணம் செய்து, பிறருடன் உரையாடி, தாம் தேர்ந்தெடுக்கும் சொற்களாலும் செயல்களாலும் கதையின் போக்கை மாற்றுவார். இத்தகைய விளையாட்டுகளில் எழுத்துரையின் அளவு பெருநாவல்களுக்கு ஈடானது. ஆதலின் இதனை ஒரு பனுவலாகக் கொண்டு திறனாய்வு செய்ய இடமுண்டு. இரசிகரின் ஆர்வம் இப்பனுவலைத் தோற்றுவித்த விதத்தையும், அவ்வார்வம் பனுவலுக்குள் பதிந்துள்ள தடங்களையும், அதனைப் பனுவல் எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இரசிகர் வேண்டியது யாது?

இவ்வார்வத்தின் வேர் 1990களின் இறுதியில் உள்ளது. ‘பால்டர்ஸ் கேட்’ (1998), ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ (1999), ‘ஐஸ்விண்ட் டேல்’ (2000) ஆகிய மூன்றும் ஒரே மென்பொருள் அடித்தளத்தின்மீது எழுந்தவை. கையால் தீட்டியது போன்ற நிலக்காட்சியை ஆடுபவர் மேலிருந்து சாய்வாக நோக்குவார். ஆறு பேர்வரை கொண்ட குழுவை அவர் நடத்திச் செல்வார். போரை இடையில் நிறுத்தி ஆணையிட்டு மீண்டும் தொடர்வார். பின்னாளில் முப்பரிமாணக் காட்சியும் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவிகளும் பெருஞ்சந்தையாக வளர்ந்தபோது, பெரும் வெளியீட்டு நிறுவனங்கள் இவ்வடிவத்தைக் கைவிட்டன. இவ்விளையாட்டுகளோடு நெருங்கிய தொடர்புடைய பிளாக் ஐல் கூடம் 2003 ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. அங்குப் பணியாற்றியோர் சிலர் அதே ஆண்டில் நிறுவியதே அப்சிடியன் ஆகும்.

2012 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்சிடியனின் பெருந்திட்டமொன்று நின்றுபோயிற்று. பணியாளர் பலர் வேலை இழந்தனர். அதே வேளையில், டபுள் ஃபைன் என்னும் வேறொரு நிறுவனம் தன் விளையாட்டுக்குக் கிக்ஸ்டார்ட்டர் வழி 3.3 மில்லியன் வெள்ளிக்கு மேல் திரட்டிக் காட்டியிருந்தது. வெளியீட்டாளரை நாடாமல் இரசிகரையே நாடலாம் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. அப்சிடியன் தன் வேண்டுகோளில் மேற்கூறிய மூன்று பழைய விளையாட்டுகளையும் பெயர் சுட்டியே முன்வைத்தது. புதுமையைக் காட்டிப் பொருள் வேண்டுவது வணிக மரபு. இங்கோ பழமையைக் காட்டிப் பொருள் வேண்டப்பட்டது. ஆகவே இரசிகர் விலை கொடுத்துப் பெற விழைந்தது ஒரு புதிய விளையாட்டை மட்டுமன்று. தம் இளமைக்கால அனுபவத்தின் மறுபிறப்பையும் ஆகும். இதனை மனங்கொண்டால்தான் பின்வருவன விளங்கும்.

தொகை எழுப்பிய கட்டடம்

நிதி திரட்டலின்போது, தொகை ஒவ்வொரு படி உயரும்போதும் ஒரு கூடுதல் உறுப்பு விளையாட்டில் சேர்க்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 3 மில்லியன் வெள்ளிக்கு ஆடுபவருக்கு உரிமையாகும் கோட்டை, 3.5 மில்லியனுக்கு இரண்டாவது பெருநகரம். ஆதரவாளர் பெருகப் பெருக நிலவறையின் அடுக்குகளும் பெருகின. அது 15 அடுக்குகள் கொண்டதாக முடிந்தது.

இம்முறை இரசிகரின் ஆர்வத்தை ஒவ்வொரு நாளும் தூண்டவல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கதையின் கட்டமைப்பு அதன் உள் தேவையால் தீர்மானிக்கப்படுதல் வேண்டும் என்பது திறனாய்வின் அடிப்படைக் கொள்கை. இங்குக் கதை முழுமையாக உருப்பெறும் முன்னரே அதன் நகரங்களும் மாளிகையும் எண்ணிக்கையாக அறுதியிடப்பட்டன. விளைவு வெளிப்படையானது. முதற்பெருநகரமாகிய டிஃபையன்ஸ் பே மக்களும் பூசல்களும் மண்டி உயிர்ப்புடன் விளங்க, இரண்டாவதாகிய ட்வின் எல்ம்ஸ் கதை முடிவை நோக்கி விரையும் வேளையில் வந்து, ஆழம் குன்றித் தோன்றுகிறது. கோட்டையோ முதற்பதிப்பில் பொன்னை வாங்கிக்கொண்டு கட்டடங்களைச் செப்பனிடும் ஒரு பட்டியலாகவே நின்றது. 2016 இல் வந்த திருத்தப் பதிப்பில் அதனை விரிவாக மாற்றியமைக்க நேர்ந்தமையே இக்குறைக்குச் சான்றாகும். இரசிகர் கேட்டதனால் வைக்கப்பட்ட உறுப்புகளே பனுவலில் வலுக்குன்றிய உறுப்புகளாயின.

புரவலர் நுழைந்த பனுவல்

பொருள் வழங்கியோர் பனுவலுக்குள்ளும் இடம்பெற்றனர். உயர்தொகை வழங்கியோர்க்கு ஒரு மாந்தரைப் படைக்கும் உரிமை கைம்மாறாகக் கிடைத்தது. ஊர்தோறும் பொன்னிறப் பெயர்ப்பட்டையுடன் நிற்கும் இம்மாந்தரை அணுகினால் அவர்தம் ஆன்மாவில் பதிந்த பழங்கதையொன்று விரியும். அக்கதைக்கும் மூலக்கதைக்கும் தொடர்பில்லை. முதன்முறை ஆடுபவர், இவர்கள் யார் என்பதை அறியாமல், ஒவ்வொரு கதையையும் துப்பாகக் கருதிப் படித்து ஏமாறுகிறார். நினைவுக்கற்கள் சிலவற்றில் பொருள் வழங்கியோர் எழுதிய வாசகங்களும் பொறிக்கப்பட்டன. 2015 இல் அவற்றுள் ஒரு நகைச்சுவைப் பாட்டு திருநங்கையரை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்தது. நிறுவனம் அதனை எழுதியவரை அணுக, அவர் வேறொரு பாட்டைத் தந்தார். திருத்தப் பதிப்பில் பழையது நீக்கப்பட்டது. அப்போது ஒரு சாரார் பாட்டைக் கண்டித்தனர். மற்றொரு சாரார் நீக்கத்தைக் கண்டித்தனர். அப்பனுவலின் ஆசிரியர் யார் என்னும் வினாவை இரு சாராருமே தெளிவாக எழுப்பவில்லை.

தமிழ் இலக்கிய மரபை அறிந்த நமக்குப் புரவலர் என்பார் புதியவர் அல்லர். சடையப்ப வள்ளலைக் கம்பர் தம் காவியத்துள் போற்றினார். ஆனால் அப்போற்றுதல் கம்பரின் சொல்; காவியத்தின் உவமையோடு உவமையாய் இசைந்து நிற்பது. சடையப்பர் தாமே ஒரு செய்யுள் யாத்து அதனுள் செருகவில்லை. 1887 இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், அச்சாகாத நூலுக்கு முன்னரே கையொப்பமிட்டுப் பொருளுதவியோர் பலர் இருந்தனர். அவர்களும் தோன்றாத நூலின்மீது நம்பிக்கை வைத்தவர்களே. எனினும் அவர்கள் வேண்டியது நூலை. நூலுக்குள் ஓர் இடத்தை அன்று. கூட்டுநிதி விளையாட்டில் புதிதாகத் தோன்றிய நிலை இவ்வேறுபாட்டில்தான் உள்ளது. இங்கு ஈகையும் படைப்புரிமையும் ஒரே விலைப்பட்டியலில் வைக்கப்பட்டன. பனுவலின் ஒருமை அதற்கு விலையாயிற்று.

முற்பிறவி நினைவு: பனுவல் தரும் விடை

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, இரசிகரின் ஆர்வம் இவ்விளையாட்டைக் கெடுத்தது என்று முடிவு செய்தல் எளிது. பனுவலின் உட்பொருளை நோக்கின் அம்முடிவு போதாது என்பது புலனாகும்.

கதை நிகழும் டயர்வுட் நாட்டில் ஆன்மாக்கள் மறுபிறவி எடுக்கின்றன. அது அனைவரும் அறிந்த உண்மை. ஆனால் அந்நாட்டுக் குழந்தைகள் ஆன்மா இன்றிப் பிறக்கின்றனர். அங்கு வந்து சேரும் கதைத்தலைவர் ஒரு மறைசடங்கைக் காண நேர்ந்து, பிறர் ஆன்மாவைக் காணும் ஆற்றல் பெறுகிறார். அதனுடன் அவரது முற்பிறவி நினைவும் விழித்துக்கொள்கிறது. அப்பிறவியில் விடை கிடைக்காது போன ஒரு வினா இப்பிறவியில் அவரை உறங்கவிடாமல் வருத்துகிறது. விடை காணாவிடில் பித்தராதல் உறுதி.

பித்து எவ்வாறிருக்கும் என்பதைக் கதை தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. கேட் நுவாக் கோட்டையில் மெயர்வால்ட் என்னும் முதியவர் இருக்கிறார். அவரும் அதே ஆற்றல் உடையவர். தம் முற்பிறவிகளின் குரல்களுக்கும் தம் குரலுக்கும் வேறுபாடு அறியாது அலைக்கழிந்தவர். அவரை வென்ற பின்னரே கோட்டை நமக்கு உரிமையாகிறது. இரசிகர் 3 மில்லியன் வெள்ளியால் ஈட்டிய அதே கோட்டைதான் இது. அதன் அடியில் இரசிகர் எண்ணிக்கையால் வளர்ந்த 15 அடுக்கு நிலவறை உள்ளது. அதனுள் மிகப் பெரும் சிலையொன்று புதைந்து கிடக்கிறது. முற்கால மன்னன் ஓட் நுவா, இறந்த தன் மகனின் ஆன்மாவை மீட்டுக் குடியமர்த்த எழுப்பிய பேருடல் அது. அம்முயற்சி அழிவிலேயே முடிந்தது.

இவ்வமைப்பைத் திட்டமிட்ட உருவகம் என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. எழுதியவர் நோக்கம் எதுவாயினும், பனுவல் கூறுவது தெளிவு. மாண்டதை மீட்க விழைந்தோரின் பொருளால் எழுந்த மாளிகையில், மாண்டவற்றின் நினைவில் மூழ்கிய ஒருவரும், மாண்ட மகனுக்காகச் சமைத்த வெற்றுடலும் வைக்கப்பட்டுள்ளன. இரசிகர் கேட்டதைக் கொடுத்த கை, கேட்டதன் இடரையும் அங்கேயே எழுதி வைத்திருக்கிறது. உறுப்பாக நோக்கின் கோட்டை வறியது. பொருளாக நோக்கின் அதுவே பனுவலின் நடுவண் நிற்பது.

கதையின் இறுதியும் இதனையே வலியுறுத்துகிறது. அந்நாட்டார் வழிபடும் தெய்வங்கள் எங்வித்தியர் என்னும் தொல்குடியினர் தம் ஆன்மாக்களைத் திரட்டிச் செய்து வைத்தவை என்பது இறுதியில் வெளிப்படுகிறது. தேயோஸ் என்பவன் பிறவிதோறும் தொடர்ந்து அம்மறையைக் காத்து வருகிறான். தெய்வம் இல்லை என்று அறிந்தால் மாந்தர் நிலைகுலைவர் என்பது அவன் கட்சி. உண்மையைச் சொன்னமைக்காக முற்காலத்தில் தண்டிக்கப்பட்டவள் ஐயோவாரா. பலர் தம்மிடம் உள்ளதைக் குவித்து உருவாக்கிய ஒன்று, பின்னர் வழிபடுபொருளாகிக் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிறது. பலரின் நம்பிக்கைக் குவியலால் உருவான ஒரு விளையாட்டு இக்கதையைச் சொல்வது குறிப்பிடத்தக்கது. தெய்வங்கள் செய்யப்பட்டவை என்று அறிந்த பின்னும் அவற்றின் ஆற்றல் மெய்யாகவே இருக்கிறது. அறிந்தவர் அவற்றோடு எவ்வாறு வாழ்வது என்பதே ஆடுபவர்முன் எஞ்சும் வினா.

இணங்காத இடங்கள்

கதையில் மட்டுமன்றி விதிகளிலும் இவ்விளையாட்டு இரசிகருக்கு முழுதும் இணங்கவில்லை. இயக்குநர் ஜோஷ் சாயர் ‘ஐஸ்விண்ட் டேல்’ உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். பழைய விளையாட்டுகளில் பகைவரைக் கொல்லுந்தோறும் அனுபவப் புள்ளி கிடைத்தது. இங்கு ஏற்ற பணியை முடித்தலே அப்புள்ளிக்குப் பெருவழி. ஓர் உயிரினத்தைப் பற்றிய அறிவு நிறைவதற்கு ஒப்பவே போர் புள்ளி தருகிறது. வலிமை என்னும் பண்பு வாளின் தாக்கத்தையும் மந்திரத்தின் தாக்கத்தையும் ஒருங்கே மிகுவித்தது. இவை இரசிகரிடையே கடும் விவாதத்தை எழுப்பின. மந்திரவாதிக்கு உடல்வலிமை எதற்கு என்று சினந்தோர் பலர்.

இச்சினத்தை நாம் புறந்தள்ள இயலாது. இவ்விதிகளை நுணுகிக் கற்றவர் அவர்களே. பழைய வடிவத்தைச் சந்தை மறந்தபோது மறவாது போற்றியவரும் அவர்களே. எனினும் கொல்லுதலுக்குப் பரிசு குறைந்தபோது, பேசித் தீர்த்தலும் ஒதுங்கிச் செல்லுதலும் மெய்யான தெரிவுகளாயின. சொல்லுக்கு முதன்மை தரும் ஒரு விளையாட்டுக்கு அதுவே பொருத்தம். பழைய விளையாட்டுகளின் உயிரைக் காக்க அவற்றின் விதியை மாற்ற வேண்டியிருந்தது. இதனை இரசிகர் வாக்கெடுப்பு தந்திராது. கலைஞரின் தீர்ப்பே தந்தது.

முடிவுரை

இதன் தொடர்ச்சியாகிய ‘டெட்ஃபயர்’ 2017 இல் ஃபிக் தளத்தின் வழி 33,614 பேரிடம் 4.4 மில்லியன் வெள்ளி திரட்டியது. அங்கு இரசிகர் முதலீட்டாளராகவும் ஆக முடிந்தது. 2018 மே மாதம் வெளிவந்த அவ்விளையாட்டின் தொடக்க விற்பனை எதிர்பார்ப்பை எட்டவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அப்சிடியனை வாங்குவதாக அறிவித்தது. அதே கற்பனை உலகில் நிகழும் ‘அவோவ்ட்’ 2025 இல் வெளிவந்தபோது, அதற்குப் பொதுமக்களின் முன்பணம் தேவைப்படவில்லை. முதற்கண் வழங்கிய 73,986 பேர் ஓர் உலகைத் தோற்றுவித்தனர். அவ்வுலகம் அவர்கள் கையை விட்டு நீங்கியது. இதனை நன்றியின்மை என்பாரும் உளர். வாங்கிய கடன் வட்டியுடன் தீர்ந்தது என்பதே நம் கருத்து.

இரசிகரின் ஆர்வம் ஒரு படைப்பைப் பிறப்பிக்கும் ஆற்றல் உடையது. அதனை எழுதும் ஆற்றல் உடையதன்று. பட்டியலிட்டுக் கேட்டவை பட்டியலாகவே நின்றன. கேளாது கிடைத்த கதையே பத்தாண்டுகள் கடந்தும் எண்ணிப் பார்க்கத் தகுவதாய் நிலைத்துள்ளது. பழம்படைப்புகளின்பால் ஆழ்ந்த பற்றுக் கொண்ட எந்தச் சமூகத்துக்கும் இது பொருந்தும். புதியது பழையதன் மறுபிறவியாகவே இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தும் பற்று, மெயர்வால்டின் கோட்டையில் போய் முடியும். பழையது விடுத்த வினாவைப் புதியது தன் குரலில் கேட்க இடந்தரும் பற்றே படைப்பை வாழ்விக்கும்.